முதலில் ஏறட்டும், அப்புறம் காலை நீட்டலாம்

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி நாலு பேர் போன் பண்ணிக் கேட்டுவிட்டீர்கள். நான் சண்டை போடவில்லை. டெக்சாஸில் இருக்கும் தங்கை மகன் செகண்ட் ஹேண்டில் குட்டி விமானம் பார்க்கிறான். பந்தியில் அந்தப் பேச்சு வந்தது. "முதல்ல அது எப்படி ஏறுதுன்னு பாருடா" என்றேன். அவ்வளவுதான்.

எதிர் இலையில் அடையாறிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர். "லெதர் சீட், ஏசி, அகலமான கேபின், அதைப் பாரு தம்பி. ஏறாமலா போயிடும்?"

ஏறாமலும் போகும் சார். வெயில் கூடினால் காற்று லேசாகும். இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடி குறையும். 40 டிகிரியில் தரையில் நிற்கும்போதே விமானம் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். செஸ்னா 172 எஸ் என்ற 180 ஹெச்பி, நாலு சீட் குட்டி விமானம் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரிக்குப் போட்ட கணக்கு. டெக்சாஸ் வெயில் நம் வெயிலுக்கு இளைத்ததா? நாலு சீட் இருப்பதால் டாங்க் நிறைய பெட்ரோலோடு நாலு தடியர்கள் ஏறிவிடவும் முடியாது.

எங்க நைனா ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் 'போர்' வேலைக்கு வைத்திருந்த பணத்தில் சீட் மாற்றினார். சிவப்பு ரெக்சின், ஓரத்தில் மஞ்சள் பைப்பிங். தண்டையார்பேட்டையே வந்து உட்கார்ந்து பார்த்தது. மே மாசம், எட்டுப் பேரோடு பேசின் பிரிட்ஜ் பாலத்தில் பாதியில் வண்டி நின்றது. இறங்கித் தள்ளியவன் நான். மேலே போய் யார் தள்ளுவது?

'முதுகு வலித்தால் பைலட் தப்புப் பண்ண மாட்டானா?' என்பீர்கள். சரி, நியாயம். மூணு மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவன் தரையிறக்கும்போது சோர்ந்துதான் இருப்பான். உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதே என்றுதான் நானும் சொல்கிறேன். சத்தம் தொல்லையா? நல்ல ஹெட்செட் வாங்கு. ஏசியும் எடைதான்; சில விமானங்களில் கிளம்பும்போது அதை அணைக்கச் சொல்லி விமானத்தின் கையேட்டுப் புத்தகத்திலேயே இருக்கும்.

அவர் சீட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. "ஆட்டோக்காரர் பையன் ஏரோபிளேன் பேசறாரு" என்றார். பந்தியே சிரித்தது. ஆமாம், ஆட்டோக்காரர் பையன்தான். 11 வருஷம் ஒரு பயிற்சிப் பள்ளியில் குட்டி விமானங்களுக்கு ஸ்பேனர் பிடித்த ஆட்டோக்காரர் பையன். வடசென்னை என்றால் மீனும் அடிதடியும்தானே உங்களுக்கு!

நேற்று ராத்திரி மருமகன் போன் பண்ணி, "மாமா, அந்த கிளைம்ப் சார்ட்டை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். எந்த வெயிலில், எந்த உயரத்தில் எவ்வளவு ஏறும் என்று சொல்லும் அட்டவணை அது. பார்த்துச் சொன்னேன். மண்டபத்தில், எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாம்.