ஹவுஸ் ஓனரும் வீட்டுச் சபையும்

போன மாதம் கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவர்களுக்கான ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நான் ஊழியக்காரன் இல்லை, கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். நண்பர் ஒருவர் கூப்பிட்டார், மதியம் பிரியாணி உண்டென்றும் சொன்னார், போனேன். மேடையில் பேசியவர் திரையில் ஒரு படம் போட்டார். ஒரு வீட்டுச் சபை, அதாவது ஆலயம் இல்லாமல் ஒருவர் வீட்டில் கூடுகிற கூட்டம், அதில் 12 பேர். வருடத்துக்கு ஒருமுறை அது இரண்டாக வேண்டும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், இருபதாவது வருடம் 10 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம் சபைகள். ஹால் முழுக்க அல்லேலூயா.

தொழில் புத்தி யாரை விட்டது? போனில் கால்குலேட்டரைத் திறந்து 12-ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஒரு கோடியே 25 லட்சம் பேர். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே எல்லாம் சேர்த்துக் கிறிஸ்தவர்கள் 44 லட்சத்துச் சொச்சம், அதாவது 6.12 சதவீதம். 2001-ல் அது 6.07. பெருக்கல் வாய்ப்பாடு முயலுக்குச் சரிவரும். வாடகை வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிற மனிதருக்குச் சரிவராது என்று அவரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணிவிட்டார்கள்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வீட்டுச் சபை பெருகுவதைப் பற்றி யார் பேசினாலும் ஊழியர் பற்றாக்குறை, பயிற்சி பற்றாக்குறை, நிதி பற்றாக்குறை என்றுதான் பேசுகிறார்கள். பதினான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்த பற்றாக்குறை ஒன்றுதான்: வீடு.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். கோபுரம், மணி, பாமாலை என்று வளர்ந்தவன். சென்னைக்கு வந்து அம்பத்தூரில் குடியேறிய பிறகுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டம் பழக்கமானது. ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கும் சி.எஸ்.ஐ.தான், அதனால் இரண்டு பக்கத்தாரும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

நான் முதலில் போனது ஒரு அக்கா வீட்டுக்கு. அக்காவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். எட்டு போர்ஷன் உள்ள லைன் வீடு, நடுவில் அடிபம்பு. முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டால் பதினெட்டு பேர் உட்காரலாம். இருபது பேர் வந்தால் இரண்டு பேர் அடுப்படி நிலையில். கூட்டம் முடிகிற வரைக்கும் டி.வி. மேல் ஒரு துண்டு கிடக்கும், ஏனென்று நான் கேட்டதில்லை. டோலக் கிடையாது, ஹவுஸ் ஓனர் போட்ட கண்டிஷன். கை தட்டிக்கொள்ளலாம், அதுவும் எட்டரை வரைக்கும்தான்.

மூன்று வருடம் போனது. பதினோரு மாத ஒப்பந்தம் நான்காவது தடவை புதுப்பிக்க வந்தபோது ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கூட்டம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, பையனுக்குக் கல்யாணம் என்றார். அக்கா குடும்பம் வாடகை குறைவென்று பட்டாபிராமுக்குப் போனது. அங்கே போன இரண்டாம் மாதமே பக்கத்து வீட்டு அம்மா ஒருவரோடு மறுபடி ஆரம்பித்துவிட்டார். இங்கே மிஞ்சிய நாங்கள் கொஞ்ச நாள் அநாதை மாதிரி இருந்தோம். அப்புறம் கொரட்டூரில் ஒரு குடும்பம் வீட்டைத் திறந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த பையனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து மனைவியோடு போனான், இப்போது அங்கேயும் ஒன்று நடக்கிறது. ஆக ஒன்று மூன்றானது. யாரும் திட்டம் போடவில்லை, திரையில் படமும் வரையவில்லை. வாடகை ஒப்பந்தமும் வேலை மாற்றமும் செய்த வேலை அது.

வேதத்தை எடுத்துப் பார்த்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைக்கிற தொழிலாளிகள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டுப் போகச் சொன்னதால் கொரிந்துக்கு வந்தவர்கள். அங்கேதான் பவுலுக்கும் அவர்கள் வீட்டில் தங்க இடமும் வேலையும் கிடைத்தது. பிறகு எபேசு. எபேசுவில் அவர்கள் வீட்டில் சபை கூடியது என்று முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. ரோமர் 16-க்கு வந்தால் அதே தம்பதி திரும்ப ரோமாபுரியில் இருக்கிறார்கள், அங்கேயும் அவர்கள் வீட்டில் சபை. ஊரைக் காலி பண்ணச் சொல்லப்பட்டவர்கள் இரண்டு ஊரில் வீட்டைத் திறந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் சமையல் யார் செய்திருப்பார்கள் என்று மட்டும் எந்தப் பிரசங்கியாரும் கேட்பதில்லை.

சமையல் என்று சும்மா சொல்லவில்லை. பிலிப்பியில் சபை ஆரம்பித்தது இரத்தாம்பரம் விற்ற லீதியாள் வீட்டில். எருசலேமில் ராத்திரி ஜெபம் நடந்தது மாற்குவின் தாய் மரியாள் வீட்டில். பேதுரு வந்து கதவைத் தட்ட, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிய ரோதை என்ற பெண்ணையும் மறக்க முடியாது. நம் கூட்டங்களிலும் வெளியே ஐயா பெயர், உள்ளே அம்மாதான். தென்கொரியாவில் சியோல் நகரத்து யோய்டோ சபையை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1958-ல் ஒரு வீட்டில் தொடங்கி, பிறகு கூடாரத்துக்கு மாறியது. 1964-ல் போதகர் டேவிட் யோங்கி சோ உடம்பு முடியாமல் விழுந்த பிறகு, வீட்டுக் குழுக்களைப் பெண்கள் கையில் கொடுத்தார். ஆண்கள் தயங்கிய வேலையைப் பெண்கள் எடுத்து நடத்தினார்கள், சபை உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. அதே போதகர் 2014-ல் சபைப் பண விவகாரத்தில் தண்டனை பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள்.

இனி டம்ளர் விஷயம். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஊரில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் வெகுநாளாக ஜெபக்குழு நடக்கிறது. ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த தெருவிலிருந்து புதிதாக ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அடுத்த தெரு என்றால் எந்தத் தெரு என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய பெண் அருமையாகப் பாடினாள். ஜெபம் முடிந்து டீ வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவர்கள் மூன்று பேருக்கும் பேப்பர் கப். பிறகு கேட்டேன். "கழுவுற வேலை மிச்சம்ல" என்றார் உறவுக்காரர். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அந்தக் குழு இன்றைக்கும் நடக்கிறது, அதே ஏழு பேர்தான்.

அம்பத்தூர் அக்கா வீட்டில் மொத்தம் பதினோரு டம்ளர். இருபது பேர் வருவார்கள். முதல் பந்தி குடித்ததும் அடிபம்படியில் அலசி அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். யார் குடித்தது யாருக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. முதல் தடவை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு நொடி தொண்டையில் சிக்கியது. தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவன், ஆனாலும் சிக்கியது.

பெரிய ஆலயத்தில் இது வெளியே வராது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் அவரவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வீட்டில் தண்ணீர் கேட்டாக வேண்டும், அடுப்படியைத் தாண்டி பாத்ரூமுக்குப் போயாக வேண்டும். சபை வளர்ச்சி என்ற பேச்சையே பெரிதாகக் கிளப்பிய டொனால்ட் மெக்காவ்ரன் நம் தேசத்தில், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் தாமோவில் 1897-ல் பிறந்த மிஷனரி. இனமோ மொழியோ வர்க்கமோ தாண்டாமல், தன் ஆட்களோடேயே விசுவாசத்துக்கு வரத்தான் மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பது அவர் கண்டது. கண்டது உண்மைதான், சொந்தக்காரன் மூலமாகச் சொந்தக்காரனுக்குப் போனால் சீக்கிரம் பரவும். ஆனால் அதை நம் ஊரில் வழிமுறையாக எடுத்துக்கொண்டால் தெருவுக்கு ஒரு சபை வரும், பேப்பர் கப்பும் கூடவே வரும். சுவிசேஷகர் பக்த்சிங் தொடங்கிய சபைகளில் இன்றைக்கும் ஆராதனை முடிந்து பாயில் வரிசையாக உட்கார்ந்து அன்பின் விருந்து சாப்பிடுகிறார்கள். சென்னையில் 1941-ல் அவர் ஆரம்பித்தபோது அந்தப் பந்தி எத்தனை பேருக்குத் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று யோசிப்பேன்.

சரி, வீடு நிறைந்துவிட்டது. அடுத்து என்ன? பெரும்பாலும் அடுத்தது தகர ஷெட். இடம் வாங்கக் கடன், ஷெட்டுக்குக் கடன், சவுண்ட் பாக்ஸ், கீபோர்டு, ஆண்டுவிழா பிளக்ஸ். நான் கட்டடத்துக்கு எதிரி இல்லை. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் துரா யூரோப்பஸ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த வீட்டில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கியிருக்கிறார்கள், சின்ன அறை ஒன்றில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சுவரை இடிக்கிற வரைக்கும் எனக்குச் சம்மதம்.

என் பிரச்சினை கணக்கு சம்பந்தப்பட்டது. மாதத் தவணை கட்டுகிற போதகர் எப்படி நான்கு குடும்பத்தை எழுப்பி, "நீங்கள் திருநின்றவூரில் போய் ஆரம்பியுங்கள்" என்று அனுப்புவார்? நான்கு குடும்பம் போனால் நான்கு தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, போச்சு. அவர் கெட்டவர் இல்லை, தவணை அப்படி. ஷெட் வந்த பிறகு பிறந்த ஒரு சபையையும் நான் பார்க்கவில்லை. பிரிந்துபோன சபைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காணிக்கைக் கணக்கில் சண்டை, கீபோர்டு வாசிக்கிற பையனை யார் அதட்டியது என்பதில் சண்டை, ஒரு நாள் ஏழு குடும்பம் வெளியே. அடுத்த அறிக்கையில் அதுவும் "புதிய சபை" என்று ஏறிவிடும். பிரசவத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் வித்தியாசம் தெரியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி வந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே என்னை மாதிரி சி.எஸ்.ஐ.யிலோ ஆர்.சி.யிலோ ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

கடனே ஒரு நல்லதையும் செய்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1742-ல் பிரிஸ்டலில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டிய கட்டடத்துக்குக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏழைகளால் கொடுக்க முடியாவிட்டால் வசூலிப்பவரே போட வேண்டும். வீடு வீடாகக் காசுக்குப் போனவர்கள், எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். மெதடிஸ்டுகள் சிறு குழுக்களாகக் கூடுகிற வகுப்புக் கூட்டம் அப்படித்தான் உருவானது. நம் ஷெட் கடன்கள் யாரையும் வீட்டுப் படி ஏற வைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடுதான் வருகிறது.

சென்சஸ் சொல்லாத ஒரு கூட்டமும் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது, 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியல்தான். பிள்ளையின் படிப்பையும் வேலையையும் யோசிக்கிற அப்பா, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிட்டு சர்டிபிகேட்டில் கை வைக்காமல் இருப்பார். ஞானஸ்நானத் தேதியைத் தள்ளிக்கொண்டே போவார். அவரைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியாது. போர்டு இல்லாத முன்னறை அவருக்கு வசதியாக இருப்பது எனக்குப் புரிகிறது.

இன்னொரு மேடை வசனம், உபத்திரவம் வந்தால் சபை தானாகப் பெருகும் என்பது. சீனாவைக் காட்டுவார்கள். 1966-லிருந்து பத்து வருடம் எல்லா ஆலயமும் பூட்டிக் கிடந்த பிறகு வீட்டுச் சபைகள் அங்கே பெருகியது உண்மை. ஆனால் ஜப்பானில் 1614-ல் கிறிஸ்தவத்தைத் தடை செய்த பிறகு என்ன நடந்தது? லட்சக்கணக்கில் இருந்தவர்கள் சிதறி, மிஞ்சிய சின்னக் கூட்டம் இருநூறு வருடத்துக்கு மேல் ஒளிந்து வாழ்ந்து, 1865-ல்தான் நாகசாகியில் ஒரு பாதிரியாரிடம் வந்து தங்களைச் சொல்லிக்கொண்டது. அடுத்தவன் படும் பாட்டை வளர்ச்சித் திட்டமாகப் பேசுவதை நிறுத்தினால் நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டேன், பதினான்கு வருடத்தில் என் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கூட்டம் நடந்ததில்லை. இரண்டு பெட்ரூம் பிளாட், ஹால் அக்கா வீட்டு முன்னறையைவிட இரண்டு மடங்கு. சோபா புதுசு, பிள்ளைக்குப் பரீட்சை, பக்கத்து பிளாட்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. கொரட்டூர் குடும்பம் அடுத்த மாதம் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறது. போன வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பு கேட்டபோது அந்த அம்மா, "அடுத்தாப்ல எந்த வீடுன்னு ஆண்டவர் காட்டணும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தமாதிரி இருந்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமாரியைத் திறந்து டம்ளரை எண்ணினாள். ஒன்பது. சீர்வரிசையில் வந்ததைப் பரணிலிருந்து இறக்கினால் பதினைந்து வரும் என்றாள். ஹவுஸ் ஓனரிடம் இன்னும் பேசவில்லை. ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கப் போகும்போது கேட்கலாம் என்றிருக்கிறேன்.