பூனையை உள்ளே வையுங்கள் என்று சொன்னால் பூனை விரோதியா?

எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் போன வாரம் ஓடிய வீடியோவையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் சென்னை வரைக்கும் போய், அத்தை போன் பண்ணி "என்னடி பண்ணி வெச்சே?" என்று கேட்கிறார். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஒரு வளர்ப்புப் பூனை தேன்சிட்டைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. சிட்டின் ஒரு சிறகு இன்னும் அடித்துக்கொள்கிறது. பின்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "எங்க சிங்கம் வேட்டையாடிடுச்சு" என்று தலைப்பு. நான் எழுதியது ஒரே வரி: தயவுசெய்து பூனையை வீட்டுக்குள் வையுங்கள். அதற்குத்தான் இந்தப் பட்டம், பூனை விரோதி.

என் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. இரண்டும் இங்கே பெங்களூரு ஜீவன்பீமா நகர் தெருவிலிருந்து எடுத்து வந்தவை. ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. அதற்கு மருந்து போட ராத்திரி அலாரம் வைத்து எழுந்தவள் நான். பூனை மேல் பாசம் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நான் சொல்வது இவ்வளவுதான். நாம் சோறு போட்டு, ஊசி போட்டு வளர்க்கிற பூனை வெளியே போய் வேட்டையாட வேண்டிய அவசியம் இல்லை. தெருப்பூனையை நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பூனை, நீங்கள் பேர் வைத்த பூனை, அதைச் சொல்கிறேன்.

"வேட்டையாடுறது அதோட இயற்கை" என்று இருபது பேர் எழுதினார்கள். பூனை மேல் தப்பே இல்லை, அதை நானும் சொல்கிறேன். ஆனால் காட்டில் இரை குறைந்தால் வேட்டையாடும் பிராணியும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது. காம்பவுண்டில் ஒரு சிட்டு மிச்சமில்லாமல் போனாலும் அதன் கிண்ணம் நிரம்பித்தான் இருக்கும். பசிக்காக மட்டும் அது பிடிப்பதில்லை, வயிறு நிறைந்திருந்தாலும் பாயும். வெளியிலிருந்து வந்து பரவி உள்ளூர் உயிர்களை அழிக்கிறவற்றில் உலகிலேயே மிக மோசமான 100 என்று, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் வீட்டுப் பூனையும் இருக்கிறது. நான் சேர்த்த பெயர் இல்லை அது.

"காக்கா குஞ்சைத் தூக்குது, செம்போத்து முட்டையைத் தின்னுது, அதைக் கேக்க மாட்டீங்களா?" கேட்க மாட்டேன். செம்போத்துக்குக் காலையும் மாலையும் யாரும் கிண்ணத்தில் சாப்பாடு வைப்பதில்லை.

அப்புறம், "எங்க பூனை ரொம்ப தூரமெல்லாம் போகாது, காம்பவுண்டுக்குள்ளதான் சுத்தும்" என்று ஒருவர். பிரச்சினையே அதுதான். ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டி ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்தான் சுற்றின. அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவை கொல்வது, அதே அளவு இடத்தில் காட்டு வேட்டைப் பிராணிகள் கொல்வதைப் போல நான்கு முதல் பத்து மடங்கு. எங்கள் காம்பவுண்டில் ஒரு புங்கை, இரண்டு செம்பருத்திப் புதர், கிளப் ஹவுஸ் பக்கம் கொஞ்சம் எலுமிச்சை. சுற்றிலும் கான்கிரீட். தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் இதை விட்டால் போக்கிடம் ஏது? எல்லாப் பூனையும் அங்கேயேதான் சுற்றுகிறது என்றால் அது ஆறுதலா?

"ஏதோ ஒண்ணு ரெண்டு பிடிக்குது" என்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பிடித்த இரையில் வீட்டுக்குக் கொண்டுவந்தது கால்வாசிகூட இல்லை. பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயின. ஆக, உங்கள் வாசல் மிதியடியில் கிடப்பது மொத்தக் கணக்கு இல்லை.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் வாட்ச்மேன் ஒரு தேன்சிட்டுக் குஞ்சைக் கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். பறக்கப் பழகுகிற வயசு. "பூனை வாயிலிருந்து பிடுங்கினேன் அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. கண் துறுதுறு என்று இருந்தது, விரலைப் பிடித்துக்கொண்டது. சிறகைத் தூக்கி, இறகை ஊதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குண்டூசி குத்தியது மாதிரி ஒரே ஒரு பல் தடம். ரத்தம்கூட இல்லை. ஷூ டப்பாவில் துணி விரித்து வைத்தேன். கெங்கேரி பக்கம் இருக்கிற வனவிலங்கு மருத்துவமனைக்கு விடிந்ததும் கொண்டுபோகலாம் என்று ஏற்பாடு செய்தோம். விடிவதற்குள் போய்விட்டது. பூனையின் எச்சிலில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. அந்த ஒரு தடம் வழியாக ரத்தத்தில் கலந்தால் சின்னப் பறவை தாங்காது, உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் உண்டு. "எங்க பூனை கொல்லாது, சும்மா பிடிச்சு விளையாடிட்டு விட்டுடும்" என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் குஞ்சு இருந்த கூட்டை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாடி வீட்டுத் துணிக்கொடியில் தொங்கியது. சிலந்தி வலையாலும் நாராலும் மரப்பட்டைத் தூளாலும் கட்டி, வாசலுக்கு மேலே மழை விழாமல் ஒரு சின்னத் தாழ்வாரம் இறக்கியிருந்தது. அந்த வீட்டு அம்மா துணியையே வேறு கொடியில் காயப்போட்டார்கள். அப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது எலி. "பூனையை அடைச்சு வெச்சா எலி யார் பிடிப்பா?" நியூயார்க்கில் புரூக்ளின் குப்பைக் கிடங்கு ஒன்றில் 79 நாள் கேமரா வைத்துக் கவனித்து 2018இல் எழுதினார்கள். அத்தனை நாளில் பூனைகள் கொன்ற எலி இரண்டு. வளர்ந்த பெருச்சாளி திருப்பிக் கடிக்கும். கையளவு சிட்டும் ஓணானும் கடிக்காது, பூனைக்கு அது தெரியும். எலி வேண்டாமென்றால் கேட்டுக்கு வெளியே குப்பை குவிகிற 'பிளாக் ஸ்பாட்'டில் ராத்திரி குப்பைப் பையை வீசுவதை முதலில் நிறுத்துங்கள்.

மரம் வெட்டுவதும் கண்ணாடிக் கட்டடமும் பறவைகளை அதிகம் கொல்கின்றன என்பார்கள். சரி, அதற்கும் வாருங்கள், சேர்ந்தே சண்டை போடுவோம். சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாக இருக்கிறது, பெங்களூரு உட்பட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைகிறது என்று 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொன்னது. பூனைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்து கிடக்கிற இடத்தில் இதையும் ஏன் சேர்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என்னை நிஜமாகவே காயப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். "எங்க வீட்ல முட்டைகூட நுழையாது, எங்களுக்கு ஜீவகாருண்யம் பத்திச் சொல்றீங்களா?" என்று அந்தப் பூனையின் வீட்டுக்காரரே கேட்டார். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். ஆனால் பூனைக்கும் தயிர்சாதம்தான் போடுகிறீர்கள். பூனை கறி தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரிக்காது, அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் பழுதாகும். உங்கள் அடுப்பங்கரை சுத்தமாக இருக்க வேண்டும், அதற்காகப் பூனை வெளியே போய்த் தேன்சிட்டைத் தின்றுவிட்டு வர வேண்டும். இதுதான் ஜீவகாருண்யமா? கிளியைக் கூண்டில் அடைத்து விற்கிறவனைப் பார்த்தால் சட்டம் பேசுகிறீர்கள். இந்தச் சிட்டும் அதே வனவிலங்குச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

"உள்ளே அடைப்பது சிறை" என்று சொல்கிறவர்களோடு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பேச விரும்புகிறேன், அவர்களுக்குப் பூனை மேல் நிஜமான அக்கறை இருக்கிறது. வெளியே போய்ப் பழகிய பூனை முதல் சில வாரம் கதவைப் பிராண்டும், ராத்திரி கத்தும். கஷ்டம்தான். பால்கனிக்கு வலை போடுங்கள். புறாவுக்குப் போடுகிற நைலான் வலையைப் பூனை கடித்துவிடும், கொஞ்சம் செலவானாலும் கம்பி வலை போடுங்கள். ஜன்னல் ஓரம் ஏறி உட்கார ஒரு பலகை அடியுங்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து பத்து நிமிஷம் கயிற்றை ஆட்டி விளையாட்டுக் காட்டியதற்கே பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியம் கலக்காத, இறைச்சி நிறைந்த உணவு கொடுத்தபோது 36 சதவீதம். கழுத்தில் மணி கட்டியதில் ஒரு பயனும் தெரியவில்லை. ஆக, விளையாட்டும் நல்ல சாப்பாடும் கொடுத்தாலே பூனையின் வேட்டை கணிசமாகக் குறையும்.

"காலங்காலமா பூனை வெளியதான் திரிஞ்சுது" என்கிறார்கள். அல்சூரில் எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகளும் அப்படித்தான் திரிந்தன. லைன் வீடு, பத்தடிக்கு ஒரு வாசல். அவற்றில் ஒன்றுகூடக் கிழடாகிச் சாகவில்லை. ஒன்று ஆட்டோவில் அடிபட்டது. ஒன்று விஷம் தின்ற எலியைத் தின்றது. சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது, அது ஒரு நாள் போனது, அவ்வளவுதான். "போன பூனை வரும்டி" என்று சொல்லிச் சொல்லிப் பாட்டி தினமும் ராத்திரி பால் தட்டை வாசலில் வைத்தார். காலையில் எறும்பு மொய்த்திருக்கும், பாட்டி கழுவி வைப்பார், திரும்பவும் பால் ஊற்றுவார். சுதந்திரம் சுதந்திரம் என்று பேசுகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்களா? நாய், கார், பூனைக் காய்ச்சல், எதிர் பிளாக்கில் யாரோ வைக்கிற எலி பாஷாணம், இத்தனைக்கும் நடுவில் அனுப்பிவிட்டு அதற்குப் பாசம் என்று பேர்.

ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் காலத்தில் பூனைகளை வெளியே விடக்கூடாது என்று 2022இல் உத்தரவே போட்டார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் அதே வருடம் ஜூலை முதல் தேதியிலிருந்து பிறக்கிற பூனை எதுவாக இருந்தாலும் வீட்டு எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். அங்கெல்லாம் பூனை விரோதிகளா ஆட்சி செய்கிறார்கள்? நான் சட்டம்கூடக் கேட்கவில்லை. ஒரு கதவைச் சாத்தச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் குரூப்பிலிருந்து என்னை நீக்கியது பரவாயில்லை. ஆனால் என் கணவருக்குத் தனியாக மெசேஜ் போட்டு, "மேடத்தைக் கொஞ்சம் பார்த்துப் பேசச் சொல்லுங்க சார்" என்று எழுதியவர்களை என்னால் சுலபமாக மன்னிக்க முடியவில்லை. கருத்து சொன்னது நான். பதில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், இங்கேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி. கம்பி வலை போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக்குக்கு வருகிறார். அளவு எடுக்க வேண்டியவர்கள் உள்பெட்டியில் வீட்டு எண் போடுங்கள், கூட வந்து நிற்கிறேன். அந்த வீடியோ போட்டவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.