அந்தப் பையனுக்கு யார் பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் நடந்தது நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றி ஓய்ந்துவிட்டது. முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர், "விசுவாசிக்கிற வீட்டுக்குள் புற்றுநோய் நுழையாது" என்றார். கூட்டம் கைதட்டி ஆமென் சொன்னது. முன்னால் விரித்திருந்த பாயில் என் ஞாயிறு பள்ளி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா அந்த நேரத்தில் கீமோ ஏற்றிவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கிறார்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், சில நாள் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல ஜெபம் பண்ணாம போயிருக்கேன். அதனாலயா?" என்று கேட்டான்.

ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. அம்மாவின் நோய்க்குத் தான்தான் காரணமோ என்ற பாரத்தை அவன் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். எனக்கு ஆறவே இல்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். கஷ்டம் வந்தால் விசுவாசம் குறைவு என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மேடையிலும் சொல்லாதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள். அது வேதத்தில் இல்லை. வேதத்தில் அதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். யோவான் 9, எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொல்லப் போனார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்னவர்கள் மேல்.

அப்போஸ்தலன் பவுலுக்கு மாம்சத்தில் முள் இருந்தது, விட்டுப் போகாத ஒரு வேதனை. மூன்று தரம் வேண்டிக்கொண்டும் எடுபடவில்லை. கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று அதே பவுல்தான் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று நம் மேடையில் யாராவது சொல்வார்களா?

"விசுவாசம் சுகமாக்கும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே" என்று கேட்பீர்கள். ஆமாம், சொன்னார். பார்வை பெற்றவனிடம் சொன்னார், சுகமான பெண்ணிடம் சொன்னார். படுக்கையில் கிடப்பவரின் மகனைப் பார்த்து, உன் விசுவாசம் போதவில்லை என்று அவர் எங்கேயும் சொன்னதில்லை. சுகத்துக்காக நானும் தினமும் ஜெபிக்கிறேன். அந்த அம்மாவுக்காகவும் ஜெபிக்கிறேன். ஜெபிப்பது வேறு, சுகம் கிடைக்காதவர்கள் மேல் குற்றம் சுமத்துவது வேறு.

"அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே", அதாவது ஊழியக்காரரைக் குறை சொல்லாதே, என்று ஒருவர் இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறார். நான் யாரையும் தொடவில்லை ஐயா. பெயர்கூடச் சொல்லவில்லை. "இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்கினால்" என்று ஆண்டவர் சொன்னதையும் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். அவ்வளவுதான் உங்களுக்கு என் பதில்.

எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று சிலர் நினைக்கலாம். என் அப்பா சாகும்போது எனக்கும் ஏறக்குறைய அந்தப் பையனின் வயதுதான். ஊரே ஜெபித்தது. உபவாசம் இருந்தார்கள். அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார். மடியில் தட்டு, தட்டில் தூள், பக்கத்தில் நனைத்து வெட்டி வைத்த இலை. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு மட்டும் தட்டை இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வார். அந்தப் புகையிலை வாடையோடுதான் எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அம்மா, அப்பாவுக்காக அவ்வளவு ஜெபிச்சோமே, ஏன் செத்துப்போனாங்க?" அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தெரியலட்டி. நானும் அவருகிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

என் விசுவாசம் அங்கேதான் பிறந்தது. எந்த மேடையிலும் இல்லை. பதில் கிடைக்காத கடவுளோடு என் அம்மா பேச்சை நிறுத்தவில்லை. அதை நான் தினமும் பார்த்தேன். ரேஷன் அரிசி உலையில் போடும்போதும் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவார். எங்களுக்கே பத்தாத நாட்களிலும் போடுவார். கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று அவர் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. "நம்மளைவிட இல்லாதவங்க இருக்காங்க" என்பார். பவுலின் சீஷன் திமோத்தேயுவின் பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு நம் பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது? சாட்சி நேரத்தில் புது வீடு, புது கார், விசா. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் ஆசீர்வாதம் மட்டும். விபிஎஸ்ஸில், அதான் விடுமுறை வேதாகமப் பள்ளியில், அக்கினிச் சூளைப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். ஆனால் சிலையை வணங்காததற்காக அந்தச் சூளையில் போடப்பட்ட மூன்று வாலிபர்கள் ராஜாவிடம் சொன்னதில் பாதியைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார் என்றார்கள், அது சரி. விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றும் சொன்னார்களே? அது எந்த அட்டையில் வருகிறது?

நம் மண்ணிலேயே ஆட்கள் இல்லாமலா? டோனாவூரில் அத்தனை பெண்பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்தார். 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு கிடந்தார். அந்தப் படுக்கையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். தேவசகாயம் பிள்ளையை விசுவாசத்துக்காக 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபைக்காரர்தான், 2022இல்தான் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இவர்கள் ஜெபிக்காதவர்களா? 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மீனவ ஊர்களான வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் கரையில் நின்று அழுத பெண்களின் கையில் ஜெபமாலை இருந்தது. கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளில் போய் அந்த ஊழியக்காரர் சொன்னதைச் சொல்லிப் பாருங்கள், முடியுமா உங்களால்?

"இதையெல்லாம் முகநூலில் எழுதி வெளியாட்கள் முன்னால் சபையை அசிங்கப்படுத்தணுமா?" இதையும் ஒருவர் கேட்டுவிட்டார். மைக் கட்டி, ஊர் முழுக்க ஹாரன் வைத்துப் பேசியதை நான் எழுதினால் அசிங்கமா? பிள்ளைகள் வளர்ந்ததும் சபைக்கு வருவதில்லை என்று கமிட்டிக்குக் கமிட்டி புலம்புகிறோம். செல்போன் கெடுக்கிறது என்கிறோம். வீட்டில் ஒரு நோய் வந்த நேரத்தில் சபை அவர்களை எப்படிப் பார்த்தது என்று யாராவது அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறோமா? அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, என்ன குற்றம் இருந்ததோ என்று பேசிவிட்டுப் போனவர்களின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அம்மா அவர்களுக்கும் காபி போட்டுக் கொடுத்தார். எனக்கு அந்த மனசு வரவில்லை, இன்னும் வலிக்கிறது.

சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அதே ஊழியக்காரரை அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிடப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். கூப்பிடுவது உங்கள் இஷ்டம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளை நான் அழைத்து வரமாட்டேன். அன்றைக்கு ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் அவர்களுக்கு யோவான் 9 நடத்துவேன். பெற்றோர்களும் வரலாம்.