15 சென்ட்டுக்குப் போன பாட்டில்

இன்று காலை துணி துவைக்கப் போடும்போது வீட்டுக்காரரின் பேண்ட் பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. குப்பையில் போடப் போனேன். "ஏய், அதைத் தூக்கிப் போட்டுடாதே, அடுத்த தடவை ஆம்ஸ்டர்டாம் போனா மாத்திக்கலாம்" என்று ஹாலிலிருந்து குரல். சீட்டின் மதிப்பு 15 சென்ட். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் (இந்தப் பதிவே அடக்குவதைப் பற்றித்தான்) பொங்கிவிட்டது.

இரண்டே நாள் பயணம். ஹெரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று ஊரைச் சுற்றி வளையம் வளையமாகக் கால்வாய். 17-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் ஓட்டலில் இரண்டு கப் டீ குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்து, நாலா பக்கமும் சளசளக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரும் ஒரு பெண் என்ன பாடு படுவாள் என்று யுனெஸ்கோவில் யாராவது யோசித்தார்களா?

படகிலிருந்து இறங்கியதும் இவரைக் காணோம். பார்த்தால், கால்வாய் ஓரத்தில் பச்சை இரும்புத் தகட்டைக் கைமுறுக்கு மாதிரி சுருட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதற்குள் இருக்கிறார். டச்சில் அதற்குப் பெயரே 'க்ருல்', சுருள் என்று பொருள். கதவு கிடையாது, காசு கிடையாது, வெளியே நிற்பவர்களுக்குக் கால் தெரியும். ஆண்கள் மட்டும் நின்றபடி ஒன்றுக்குப் போகும் இடம். ஒரே நிமிடத்தில் முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்து, "நல்ல காத்தோட்டம்" என்று சான்றிதழ் வேறு. அதற்கு முன்னால் நின்று ஒரு போட்டோவும் எடுக்கச் சொன்னார். எடுத்துத் தொலைத்தேன்.

பெண்களுக்கு? 2015-ல் அங்கே ஓர் இளம்பெண் ராத்திரியில் வேறு வழியில்லாமல் தெருவில் ஒதுங்கி, அபராதம் வாங்கியிருக்கிறாள். 2017-ல் வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? ஆண்களுக்கான இடத்தையே பயன்படுத்தியிருக்கலாம், சுகமாக இருக்காது, ஆனால் முடியாததில்லை என்கிற மாதிரி. அப்போது ஊரில் ஆண்களுக்கு 35 இடம், பெண்களுக்கு 3. ஐயா, அந்த முறுக்குக்குள் சுடிதாரோடு எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கலாமே. இதே நாட்டில்தான் 2009-ல் கழிப்பறையே இல்லாத புது ரயில்களை ஓடவிட்டார்கள். ஜனங்கள் கத்தியதும் 2011-ல், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். பை! கடலையே அணை கட்டி நிறுத்திய மூளைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பக்கத்தில் எங்கே கழிப்பறை என்று காட்ட ஓர் ஆப் இருக்கிறது. 400 மீட்டர் என்றது. அந்த 400 மீட்டரில் எத்தனை சைக்கிள்கள் என் மேல் மணியடித்தன என்று எண்ணவில்லை, எண்ணும் நிலையில் இல்லை. நடுவில் ஒரு காபிக் கடையில் கெஞ்சினேன். சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். காபி குடித்துவிட்டுப் போகலாமாம். காபி குடித்தால் இன்னும் ஒரு தடவை போகவேண்டி வருமே!

கடைசியில் அந்தக் கட்டணக் கழிப்பறை வந்தது. வாசலில் தடுப்புக் கம்பி. கையில் 2 யூரோ நாணயம். போட ஓட்டை இல்லை. கார்டு மட்டும். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி எவ்வளவு தெய்வம் என்று அப்போதுதான் புரிந்தது, சில்லறை இல்லாவிட்டால் "போயிட்டு வந்து குடும்மா" என்பார். கார்டு எங்கே? இவர் பர்ஸில். இவர் எங்கே? உருளைக்கிழங்கு வறுவல் வாங்கும் வரிசையில், முன்னால் எட்டு பேர். "ஏங்க, கார்டு குடுங்க." "இரு, இதோ என் முறை வந்துடும்." நான் பார்த்த பார்வையில் முன்னால் நின்ற வெள்ளைக்காரர் தானாக ஒதுங்கினார். இவர் அதைப் பயன்படுத்தி ஓரடி முன்னேறினார்!

கார்டைப் பிடுங்கி, ஓடி, தட்டி, உள்ளே போய், கதவைச் சாத்தி, அப்பாடா. கை தானாகப் பைக்குள் போனது, தண்ணீர் பாட்டிலைத் தேடி. எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு காகிதச் சுருள் தொங்குகிறது, அவ்வளவுதான். குழாய் இல்லை, மக் இல்லை. பையில் பாட்டிலும் இல்லை. காலையிலிருந்து உயிரைப் போலக் காத்து, கடைசி வாய் குடித்துவிட்டுப் பத்திரமாக வைத்திருங்கள் என்று இவரிடம் கொடுத்த பாட்டில்.

உள்ளிருந்தே போன் போட்டேன். ரோமிங்கில்.

"ஏங்க, பாட்டில் எங்கே?"

"அதுவா? சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டேன். 15 சென்ட் குடுக்கறான்மா!" குரலில் அப்படி ஒரு பெருமை.

2021 ஜூலையிலிருந்து அங்கே சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டெபாசிட், வாங்கும்போதே விலையோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். திருப்பிக் கொடுத்தால் சீட்டு வரும், கல்லாவில் காட்டி மாற்றிக்கொள்ளலாம். கால்வாயில் குப்பை சேராமல் இருக்க நல்ல ஏற்பாடுதான், பாராட்டலாம், நான் பாராட்டும் நிலையில் இல்லை. இத்தனைக்கும் அந்தச் சீட்டை மாற்றக்கூட இல்லை, மனுஷர் மறந்துவிட்டார். ஊரைச் சுற்றித் தண்ணீர், ஊருக்கு நடுவில் தண்ணீர், எனக்கு மட்டும் காகிதம்.

2024-ல் பொதுக் கழிப்பறைகளுக்கு 40 லட்சம் யூரோ ஒதுக்கினார்களாம். கட்டுங்கள், ஒரு குழாயும் வையுங்கள், உங்கள் கால்வாயிலிருந்தே இழுத்தாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே குடும்ப வாட்ஸாப் குழுவில் நாத்தனார், "ஹாலந்து போயிட்டு ஒரு டூலிப் போட்டோ கூடவா இல்ல?" என்கிறார். ஆகஸ்ட்டில் டூலிப்புக்கு எங்கே போவது? இருந்ததிலேயே நல்லது என்று இவர் அந்த முறுக்குக்கு முன்னால் நிற்கும் போட்டோவை அனுப்பியிருக்கிறார். பதிலும் வந்துவிட்டது: "அண்ணா, பின்னாடி இருக்கற அந்தப் பச்சை மண்டபம் ரொம்ப அழகா இருக்கு!"