எஸ்பெராண்டோச் சொல்லுக்கு என்ன குறைச்சல்?

உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதுகிறவர்களே, தயவுசெய்து ஆங்கிலத்திலிருந்து எடுக்கும் அந்த 'ஓகே'யை விடுங்கள்! 'நன்று' என்னும் 'போனே' இருக்கிறது, 'எல்லாம் சரி' என்னும் 'என் ஓர்டோ' இருக்கிறது. வியக்க 'ஹோ', வருந்த 'வே', அருவருக்க 'ஃபி'. எல்லாம் குட்டிச் சொற்கள். இதற்கு மேல் எதைச் சுருக்கப் போகிறீர்கள்?

'வாவ்' இன்னும் மோசம். எஸ்பெராண்டோ எழுத்து 28-இல் டபிள்யூ கிடையாது. ஒருவர் வீ போடுகிறார், இன்னொருவர் குறியிட்ட யூ போடுகிறார். டபிள்யூவை வீ ஆக்கினால் குழப்பம்தான்: ஏற்கெனவே 'வாட்டோ' என்றால் பஞ்சு. மின்திறன் அலகான வாட்டும் அதே எழுத்துகளில் வந்து உட்கார்ந்துவிட்டது. இது போதாதா?

ஏன் பிறமொழிச் சொல் என்று கேட்டால், உடனே அதை அனுமதிக்கும் 15-ஆம் விதியைக் காட்டுகிறார்கள்! 1905-இல் வந்த, எஸ்பெராண்டோவின் அடிப்படை நூலான 'ஃபுண்டமெண்டோ'வில் அந்த விதியை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான மொழிகள் ஒரே மூலத்திலிருந்து எடுத்த சொல்லைத்தான் எடுக்கலாம். அதிலும் ஒரு வேரை மட்டும் எடுத்து, மற்றதை நம் விகுதிகளால் கட்டுவதே நல்லது என்கிறது. கணக்கிடுவதைக் குறிக்கும் 'கொம்புட்டி'யோடு கருவியைக் குறிக்கும் 'இல்' சேர்த்தால் 'கொம்புட்டிலோ', கணினி. எவ்வளவு அழகு! பிறகு எதற்கு 'கொம்புட்டேரோ'?

மின்னஞ்சலுக்கு 'ரெட்போஷ்டோ' இருக்க, 'இமெய்லோ' எதற்கு? சிலர் எழுத்தைப் பார்த்து 'எமாய்லோ' என்கிறார்கள். அது எனாமல் பூச்சு! வேறு சிலர் ஆங்கிலச் சொல்லை அப்படியே செருகுகிறார்கள். பெயர்ச்சொல்லைக் காட்டும் 'ஓ' விகுதி இல்லை. செயப்படுபொருளைக் காட்டும் 'ன்' எங்கே ஒட்டும்? அனுப்பியது யார், அனுப்பப்பட்டது எது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டுமா?