தொட்டியின் அடியில் கல் பரப்புவது பற்றி

செடித்தொட்டியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் நீர் விரைவாக வடிந்து வேரழுகல் தவிர்க்கப்படும் என்று சிலர் கூறுவதுண்டு. நானும் நெடுங்காலம் நம்பிய கருத்துதான் இது. ஆயினும் உண்மை வேறு. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், மண்ணின் அடிப்பகுதி முழுவதும் நனைந்து நிறைந்த பிறகே நீர் கற்களுக்கிடையே இறங்குகிறது. எனவே, ஈரம் தேங்கும் பகுதி மறையாமல், கற்களின் உயரத்துக்கு மேலேறி வேரை நெருங்குகிறது.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒளி ஊடுருவும் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளின் அடியில் துளையிட்டு, ஒன்றில் மண்ணை மட்டும், மற்றதில் கீழே கற்களையும் மேலே அதே மண்ணையும் சம உயரத்துக்கு நிரப்பி, துளைவழி வடியும்வரை நீரூற்றுங்கள். சொட்டுவது நின்றபின் பார்த்தால், இரண்டாவது புட்டியில் கற்களுக்கு நேர் மேலுள்ள மண் சேறாகவே இருக்கும். துளை வழியே மண் வெளியேறாதிருக்கச் சிறு வலைத்துண்டு போதும்.