பத்துப் பேர் வந்தால்தான் படமாம்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக் காட்சி. திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் வெயிலில் காய்ந்து, வேர்க்க விறுவிறுக்க தியேட்டருக்குப் போனால், கவுண்டரில் இருந்த அண்ணாச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேருதான் வந்திருக்கிய தம்பி, பத்துப் பேராவது வந்தாத்தான் ஓட்டுவோம். பக்கத்துல பெரிய படம் ஓடுது, அதுக்கு வேணும்னா போங்க." அந்த இன்னொரு ஆத்மா யார் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். ஏசிக்காக வந்தவர் போல, பெரிய படத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பிடித்தது மெதுவாகப் போகும் படம்தான், அது என் குற்றமா? ஒரு கிழவி அடுப்பு ஊதுவதை மூன்று நிமிடம் வெட்டாமல் காட்டினால் நான் அசையாமல் பார்ப்பேன். வீட்டில் அப்படி ஒன்றைப் போட்டால் "என்ன, நெட்டு நின்னு போச்சா?" என்று மதினி ரிமோட்டைத் தேடுவார்கள். நண்பர்களுக்கு நான் 'அவார்டு படம்'. பெயரே அதுதான். "அவார்டு படம் வருதுலே, டீயச் சீக்கிரம் குடிங்க."

கூழாங்கல் படம் 2021இல் நெதர்லாந்தில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. மதுரைப் பக்கத்துப் பொட்டல், அந்த வெயில், அந்த நடை, எல்லாம் எனக்குக் கிடைத்தது 2023 அக்டோபரில், ஓடிடியில், கையகலச் செல்போனில். 2024 ஆகஸ்டில் வந்த கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, ஆட்டோவும் பைக்கும் காற்றும்தான். அதை மிக்சி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியுமாவே?

சரி, சென்னைக்கே போய்த் தொலைவோம் என்றால் அது தனி எளவு. அங்கே 2003இலிருந்து டிசம்பரில் திரைப்பட விழா நடக்கிறது, உலகத்துப் படமெல்லாம் வரும். ஆனால் எந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்கு என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும், ரயில் டிக்கெட்டோ 60 நாளைக்கு முன்பே திறந்து அன்றைக்கே காலியாகிவிடும். அப்புறம் முந்தின நாள் காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கலுக்கு உட்கார்ந்து, ஓடிபி வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். பஸ்ஸில் போகலாம் என்பார்கள். கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் முதுகு ஒடிய உட்கார்ந்து போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவான், ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் காலைப் படம் முடிந்திருக்கும்.

இதில் ஆலோசனை வேறு! சென்னை என்று வாயைத் திறந்தால் போதும், வீடு முழுக்க வழிகாட்டிகள். "ரங்கநாதன் தெருவுல பர்ஸ முன் பாக்கெட்டுல வைலே." "ஆட்டோல ஏறுமுன்ன ரேட்டு பேசிரு." நான் ரங்கநாதன் தெருவுக்கே போகவில்லை சித்தப்பா! எனக்கு வேண்டிய யோசனையை ஒருத்தரும் சொன்னதில்லை, நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். எழும்பூரில் இறங்கினால் எதிரே கென்னட் லேனில் லாட்ஜ் பிடி, பையைப் போட்டுவிட்டுக் குளித்துக் கிளம்பு. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டாதே. ஒரே நாளில் மூன்று தியேட்டருக்கு ஓட ஆசைப்படாதே, ஒரே இடத்தில் உட்கார்ந்து கிடைத்ததைப் பார். மதியச் சாப்பாட்டை மற, இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொள்.

முக்கியமாக, அல்வா கொண்டு போகாதே. தாம்பரம் அத்தைக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த இரண்டு கிலோவோடு நேரே தியேட்டருக்குப் போனேன். வெளித் தின்பண்டம் கூடாது என்று வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். படம் முடிந்து வரும்போது பொட்டலம் பிரிந்திருந்தது. அத்தையிடம் என்ன சொல்ல?

அந்தப் படமாவது நிம்மதியா? முன்வரிசையில் ஒருத்தர் முழுநேரமும் போனில் வாட்ஸப், வெளிச்சம் என் மூஞ்சியில். பக்கத்தில் இருந்தவர் இடையிலேயே எழுந்து, "ஒண்ணுமே நடக்கல சார்" என்று என்னிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அங்கேயும் என் மதினி.

இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சென்னைக்குப் போய்வர டிக்கெட், இரண்டு நாள் லாட்ஜ், சாப்பாடு, விழா பாஸ், அல்வா, எப்படிக் குறைத்தாலும் 5,000 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. இங்கே ஒரு டிக்கெட் 120. பத்து எடுத்தால் 1,200. அடுத்த வெள்ளிக்கிழமை பத்து டிக்கெட்டையும் நானே எடுத்து அண்ணாச்சி முன்னால் விரிக்கப் போகிறேன். "பத்துப் பேரு எங்க தம்பி?" என்று கேட்கட்டும், அப்புறம் இருக்கிறது.